ப்ளைவுட்காரர்கள் வருகிறார்கள்

ஜூன் 3, செவ்வாய்

ஓய்வு பெற்று முப்பத்து நான்கு நாளாகிறது. இன்றிலிருந்து குறிப்பு எழுதுவதென்று முடிவு செய்திருக்கிறேன். பெரிய காரியம் ஒன்றைத் தொடங்குகிறவன் அதைப் பதிவு செய்து வைக்க வேண்டும். நான் சொந்தமாக ஒரு ஜோடி ஸ்பீக்கர் செய்யப் போகிறேன்.

மில்லில் வழியனுப்பு விழாவில் ஒரு ஸ்பீக்கர் பரிசாகக் கொடுத்தார்கள். அதில் நாதஸ்வரம் போட்டேன். வாயில் துணியை அடைத்துக்கொண்டு வாசிப்பதுபோல் இருந்தது. வேணியிடம் கேட்டேன். "நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள். வேணி என் மனைவி கிருஷ்ணவேணி. எல்லா விதத்திலும் நல்லவள். காது மட்டும் சாதாரணக் காது.

என்னுடையது அப்படியல்ல. நூற்பாலையில் ரிங் ஃபிரேம் செக்‌ஷனில் முப்பத்து மூன்று வருடம் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன். நூல் நூற்கும் ஆயிரக்கணக்கான கதிர்கள் ஒன்றாகச் சுற்றும் இரைச்சலில், எந்த மிஷினில் எந்த பேரிங் போகப் போகிறது என்று நடந்துகொண்டே சொல்வேன். "நாச்சிமுத்து காது" என்று மில்லில் ஒரு பேச்சே உண்டு. இரைச்சலுக்குக் காதில் வைத்துக்கொள்ள நிர்வாகம் ரப்பர் அடைப்பான் கொடுக்கும். நான் ஒருநாளும் வைத்ததில்லை. அதெல்லாம் காது பலவீனமானவர்களுக்கு.

ஜூன் 9, திங்கள்

'தூய ஒலி' என்ற வாட்ஸாப் குழுவில் சேர்ந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஒருவர் தன் ஸ்பீக்கரில் பாடகியின் புடவை சரசரப்பதுகூடக் கேட்கிறது என்று எழுதியிருந்தார். இன்னொருவர், தன்னுடையதில் அது காஞ்சிப் பட்டா ஆரணிப் பட்டா என்றே தெரிகிறது என்றார். சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறேன்.

மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு வேணி துணி காயப்போடப் போனாள். குக்கர் பக்கத்திலேயே உட்கார்ந்து பெட்டியின் கொள்ளளவைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். விசில் வரவேயில்லை. பருப்பு கரிந்துவிட்டது. கேஸ்கட் போயிருக்கிறது. கடைக்குப் போய்ப் புதியது வாங்கி மாட்டினேன்.

ஜூன் 14, சனி

ஆசாரி வேலாயுதம் வந்தார். பதினெட்டு எம்.எம். ப்ளைவுட். படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"ஏனுங் சார், இது பீரோங்களா?"

"ஸ்பீக்கர் பெட்டி."

"செரிங். முன்னால ரெண்டு ஓட்டை, பின்னால ஒரு ஓட்டை. உள்ள என்ன வளத்தப் போறீங்? கிளிங்களா?"

முன்னால் பெரிய ஓட்டையில் வூஃபர், அது கனத்த ஒலிக்கு. சின்ன ஓட்டையில் ட்வீட்டர், அது கீச்சென்ற ஒலிக்கு. பின்னால் இருப்பது காற்றுப் போக என்று விளக்கினேன். தலையாட்டினார். புரிந்ததுபோல் தெரியவில்லை. ஆனால் வெட்டு சுத்தமாக இருந்தது. அரை எம்.எம். பிசகு இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

பெட்டி ஒட்டியாயிற்று. கயிற்றால் கட்டிக் காய வைத்திருக்கிறேன். மகள் இந்து புனேயிலிருந்து போனில் பேசினாள். என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. அந்த ஊரில் டவர் சரியில்லை. வைத்துவிட்டேன்.

ஜூலை 2, புதன்

முதல் ஒலி!

வூஃபர் பிரமாதம். ஆனால் ட்வீட்டர் மோசம். செல்போனில் ஒரு செயலி இருக்கிறது. கனத்த ஒலியில் தொடங்கி, போகப் போக ஒலியைக் கீச்சென்று ஏற்றிக்கொண்டே போகும். அதைப் போட்டுப் பார்த்தேன். மூன்றாயிரம் ஹெர்ட்ஸ் வரை வந்த ஒலி, அதற்குமேல் சட்டென்று நின்றுவிட்டது. இருபதாயிரம் வரை வர வேண்டியது. இரண்டு ட்வீட்டரும் ஒரே இடத்தில் நின்றன. ஒரே பேட்ச்சில் வந்த பழுது.

உறுதி செய்துகொள்ள ஒன்பது தடவை போட்டுப் பார்த்தேன். கீழே தெருநாய்கள் ஏனோ ஊளையிட்டுக்கொண்டே இருந்தன. வேணி காதைப் பொத்திக்கொண்டு வந்து ஏதோ சொன்னாள். இப்போதெல்லாம் அவள் வாயைத் திறந்து பேசுவதில்லை. எல்லாம் முணுமுணுப்பு. வயதாகிறது.

ஜூலை 5, சனி

டவுன்ஹால் பக்கம் ட்வீட்டர் வாங்கிய கடைக்குப் போனேன். கடைக்காரர் என் எதிரிலேயே மாட்டிப் போட்டுக் காட்டினார்.

"ஜம்முன்னு பாடுதுங்களே சார்."

"எங்க பாடுது?"

"இதோ. காதக் கிழிக்குதுங்களே."

அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தேன். ஒலிச் சாமான் விற்கிற மனிதர். பாவம், காது கேட்கவில்லை. அதைச் சொல்லி அவர் மனதைப் புண்படுத்த விரும்பாமல் வந்துவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

தீர்வு கண்டுபிடித்தேன். ட்வீட்டருக்குப் போகும் வழியில் ஒலியை அடக்க ஒரு ரெசிஸ்டர் உண்டு. அதைக் கழற்றி வீசிவிட்டேன். கொஞ்சம் தெளிவு வந்திருக்கிறது. இன்னும் ஒரு ஜோடி ட்வீட்டரைப் பக்கத்தில் சேர்த்தேன். இப்போது நாதஸ்வரம் நாதஸ்வரமாகக் கேட்கிறது. குழுவில் எழுதினேன். நாற்பத்தொரு பேர் கைதட்டல் போட்டார்கள். அவர்களில் யாரும் இதைக் கேட்கவில்லைதான். ஆனால் கேட்கிறவர்கள் எழுத்திலேயே கேட்டுவிடுவார்கள்.

மேல் வீட்டில் ட்யூஷன் எடுக்கும் ஷர்மிளா டீச்சர் வந்தார். பிள்ளைகளுக்குத் தலை வலிக்கிறதாம். வீட்டில் ஏதாவது மிஷின் ஓடுகிறதா என்று கேட்டார். "மிஷின் இல்லீங்க, மோகனம்" என்றேன். திரும்பி மாடிப்படி ஏறிவிட்டார். ரசனை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

ஜூலை 14, திங்கள்

பெட்டிக்கு மேலே ஒட்ட வெனீர் தேர்வு செய்ய வேண்டும். காகிதம் போல் சீவிய மரத்தோல். தேக்கிலும் ரோஸ்வுட்டிலும் மாதிரித் துண்டு வாங்கி, படம் எடுத்து இந்துவுக்கு அனுப்பியிருந்தேன்.

காலையில் பெட்டியை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வேணி அடுப்பைப் பார்த்தபடி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நீளமாக ஏதோ பேசினாள். "இந்துவுக்கு... ரொம்பப் பிடிச்சிருக்காம்" என்றது காதில் விழுந்தது. "நம்ம பக்கம் இல்லீங்க" என்றதும் விழுந்தது. ஆக, ரோஸ்வுட். இது நம் பக்கத்து மரம் இல்லையே என்று வேணிக்குக் கவலை.

"அவளுக்குப் பிடிச்சிருந்தா அதையே வெச்சுக்கட்டும்" என்றேன். "நம்ம பக்கமா இருந்தா என்ன, வெளியூரா இருந்தா என்ன? மேல இருக்கறது வெறும் தோல். உள்ள இருக்கறதுதான் முக்கியம்."

வேணி திரும்பினாள். கண்ணெல்லாம் தண்ணீர். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள் போலிருக்கிறது.

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"நான் என்னிக்குச் சொன்னத மாத்திருக்கேன்?"

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி முப்பது வருடத்தில் என் வேலையில் அவள் இவ்வளவு ஈடுபாடு காட்டியதில்லை.

ஜூலை 20, ஞாயிறு

இந்து போனில் அழுதாள் என்று வேணி சொன்னாள். ரோஸ்வுட்டுக்கு!

ஆகஸ்ட் 6, புதன்

வெனீர் ஒட்டி முடித்தேன். பளபளப்புக்கு மூன்று கை பாலிஷ். ஒரு சொட்டு ஓடவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

நல்ல செய்தி. சாப்பிடும்போது வேணி சொன்னாள், தூத்துக்குடியிலிருந்து ப்ளைவுட்காரர்கள் நம் வீட்டுக்கு வருகிறார்களாம். இந்த முறை நன்றாகவே கேட்டது.

"நம்ம வீட்டுக்கா?"

"பின்ன? நம்மளப் பார்க்கத்தானுங்க வர்றாங்க. இப்ப ஆடி. முடிஞ்சு ஆவணி பொறக்கட்டும்னு சொல்லிப்போட்டேன்."

தூத்துக்குடி துறைமுகத்தில் மரம் இறங்குகிறது என்று படித்திருக்கிறேன். தங்கள் ப்ளைவுட்டில் ஒருவர் இப்படி ஸ்பீக்கர் செய்திருக்கிறார் என்று வேலாயுதம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஆடி எதற்கு? ஆடித் தள்ளுபடியில்தானே எல்லோரும் விற்கிறார்கள். வேணிக்கு வியாபாரம் தெரியாது.

ஆகஸ்ட் 23, சனி

ஸ்பீக்கர் அரங்கேற்றத்துக்காக இந்து லீவு போட்டுவிட்டுப் புனேயிலிருந்து வந்திருக்கிறாள். என் ரத்தம். வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு தோளில் முகத்தை வைத்து ஏதோ சொன்னாள். முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

வேணி வீடு முழுவதும் துடைத்தாள். கேசரிக்கு முந்திரி வறுத்தாள். ப்ளைவுட்காரர்களுக்கு இவ்வளவு தேவையில்லை என்றேன். "அதெப்படீங்க, முதல் தடவையா வர்றாங்க" என்றாள். அதுவும் சரிதான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்தரை மணிக்கு வந்தார்கள். கணவன் மனைவி இருவர். அவர் பெயர் மச்சாடோ. கையைப் பிடித்துக் குலுக்கி, "தேக்கு அப்பா" என்றோ என்னவோ சொன்னார். தேக்கு வியாபாரமும் உண்டு போல என்று நினைத்துக்கொண்டேன். அந்த அம்மாள் பிலோமினா. தட்டில் பழம், பூ, ஒரு பட்டுப்புடவை வைத்து நீட்டினார். அந்தப் பக்கத்து வியாபாரிகள் வாடிக்கையாளரை மதிக்கும் முறையைப் பார்த்து அசந்துபோனேன். இந்து பட்டுக் கட்டிக்கொண்டு காபி கொடுத்தாள். பிலோமினா அவள் கன்னத்தைத் தடவினார்.

நேரம் கடத்தாமல் ஸ்பீக்கரைப் போட்டேன். நாதஸ்வரம், தவில். நடுவில் உட்கார்ந்தால்தான் கச்சேரி மேடையே கண்முன் தெரியும் என்பதால் அவர்கள் இருவரையும் சோபாவின் நடுவில் உட்கார வைத்தேன். பிலோமினா முந்தானையைத் தலையோடு இழுத்துக் காதை மூடிக்கொண்டார். பக்தி என்று நினைத்தேன். மச்சாடோ இரண்டு காதிலிருந்தும் மொச்சைக்கொட்டை போல் எதையோ எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதன்பிறகு அவர் முகம் தெளிந்தது. ரசித்துக் கேட்டார்.

பாட்டு முடிந்தது. மச்சாடோ மொச்சைக்கொட்டைகளைத் திரும்ப மாட்டிக்கொண்டு கேட்டார்:

"அப்ப எப்ப வச்சுக்கிடலாம்?"

"எத்தனை வெச்சுக்கிட்டது" என்று கேட்கிறார் என எண்ணி, "பதினெட்டு" என்றேன். பலகையின் கனம், எம்.எம். கணக்கில்.

"பதினெட்டாந் தேதியா? எந்த மாசம்?"

"மாசமெல்லாம் பார்க்கலீங்க. பன்னெண்டு வெச்சா அதிரும். பதினெட்டுதான் நிக்கும்."

அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்துதான் வந்து என் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்தாள். ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள்.

"அப்பா. இவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ப்ளைவுட்காரங்க."

மச்சாடோ கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"பிள்ளை வீட்டுக்காரங்கப்பா" என்றாள் இந்து. "டெரிக்கோட அப்பா அம்மா. நான் கட்டிக்கப் போறவரோட அப்பா அம்மா."

நான் எழுந்து படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். வேணி பின்னாலேயே வந்தாள்.

"நான் சம்மதிக்கவே இல்லையே!"

"சம்மதிச்சீங்க. மேல இருக்கறது வெறும் தோல், உள்ள இருக்கறதுதான் முக்கியம்னீங்க. அப்படியே இந்துகிட்டச் சொன்னேன். எங்கப்பாவா இப்படிச் சொன்னாருன்னு அழுதா."

"நான் வெனீரைச் சொன்னேன்."

வேணி கட்டிலில் உட்கார்ந்தாள். புடவை நுனியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சுங்க. மறுக்கா கேட்டா மாத்திச் சொல்லிப்போடுவீங்களோன்னு பயந்துட்டு கேக்கல. அது என் தப்புத்தான்." நிமிர்ந்து பார்த்தாள். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. வெளிய போயி, எனக்குக் காது கேக்கல, அதனால தப்பாயிப்போச்சுன்னு அவங்ககிட்டச் சொல்லுங்க. நான் தடுக்கல."

ஜாதி வேறு, மதம் வேறு, ஊர் வேறு. பொள்ளாச்சியில் என் அண்ணன் என்ன சொல்வார்? குலதெய்வம் கோயில் கூட்டத்தில் யார் முகத்தில் விழிப்பது? வேண்டாம் என்று சொல்ல நூறு காரணம் இருந்தது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் வேணி சொன்ன அந்த வாக்கியத்தைச் சொல்லியாக வேண்டும். எனக்குக் காது கேட்கவில்லை. முப்பத்து மூன்று வருடம் ஆயிரம் கதிர்களுக்கு நடுவில் நடந்தவன், தூத்துக்குடியிலிருந்து வந்த அன்னியர் முன்னால் அதைச் சொல்வதா?

வெளியே வந்தேன். "எல்லாம் தெரியும்ங்க. சும்மா ஒரு தமாசு பண்ணினேன். எனக்கு முழுச் சம்மதம்" என்றேன்.

கேசரி பரிமாறப்பட்டது. மச்சாடோ என்னை பால்கனிக்கு அழைத்துக்கொண்டு போனார். பக்கத்தில் வந்து, முகத்தைப் பார்த்து, சத்தமாகப் பேசினார். அவர் பேசியது ஒரு சொல் விடாமல் கேட்டது.

"இருவத்தாறு வருசம் கப்பல்ல எஞ்சின் ரூம்ல கெடந்தேன் பாத்துக்கிடுங்க. என் பொஞ்சாதி முணுமுணுக்கான்னு நாலு வருசம் சண்ட போட்டேன். ஒரு தடவ ஆஸ்பத்திரில அவளுக்கு ஆபரேசன்னு டாக்டர் சொல்லுதாரு, நான் சிரிச்சிட்டு சரி சரிங்கேன். அன்னைக்கு அவ என்னப் பாத்த பார்வ இருக்கே." காதிலிருந்து ஒன்றைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். "வெக்கப்பட என்ன இருக்கு? எஞ்சின் தின்னுட்டு. உங்களுக்கு மில்லு தின்னுட்டு."

"எனக்கு அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று திருப்பிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

இந்து புனேக்குக் கிளம்பினாள். ரயில் நிலையத்தில் என் எதிரில் நின்று சொன்னாள்:

"அப்பா, வெனீருக்குச் சொன்ன சம்மதத்துல நான் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன். நேத்து சொன்னதும் எனக்காகச் சொன்னதில்ல. உங்க காதுக்காகச் சொன்னது. அவங்ககிட்டத் தேதி இப்ப வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"அப்பறம்?"

"நீங்க ஒழுங்காக் கேட்டுட்டுச் சொல்லுங்க. வேண்டாம்னாலும் பரவால்ல. ஆனா கேட்டுட்டுச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து ஸ்பீக்கரைப் போடவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

வேணி பேசுவதில்லை. பேசி எனக்குக் கேட்காமல் இருக்கிறதா, பேசவேயில்லையா என்று தெரியவில்லை. உதட்டைப் பார்த்தேன். பேசவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

வேணிக்கு மட்டும் தெரிவித்துவிட்டு, காதுப் பரிசோதனை செய்யும் இடத்துக்குப் போனேன். கண்ணாடி வைத்த சின்ன அறை. காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னாள் அங்கிருந்த பெண். அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் வருவது நின்றுவிட்டது. காத்திருந்து பார்த்து, கதவைத் திறந்து, "மிஷின் நின்னுபோச்சும்மா" என்றேன்.

"ஓடிட்டுத்தான் இருக்குங்க சார்" என்றாள்.

காகிதத்தில் ஒரு கோடு போட்டுக் காட்டினாள். தாளின் இடது ஓரத்தில் நேராகப் போகிறது. இரண்டாயிரத்தைத் தாண்டியதும் ஊட்டி மலைப்பாதை மேட்டுப்பாளையத்துக்கு இறங்குவதுபோல் இறங்குகிறது. வலது காது, இடது காது, இரண்டும் ஒரே இடத்தில். ட்வீட்டர்களைப் போலவே.

"எங்க சார் வேலை பாத்தீங்க?"

"மில்லுல..." என்று தொடங்கினேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே எழுதிவிட்டாள். "இந்த ஊர்ல நெறையப் பேருங்க சார்" என்றாள்.

பஸ்ஸில் வரும்போது ஒன்று தோன்றியது. கடைசி ஏழெட்டு வருடம் நான் காட்டிய பேரிங்கையெல்லாம் பையன்கள் மறுபேச்சில்லாமல் மாற்றினார்கள். கழற்றியது உண்மையிலேயே போயிருந்ததா, நன்றாக இருந்ததா என்று ஒருவன்கூட வந்து சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

வழியனுப்பு விழாவில் எல்லோரும் காதைப் பற்றித்தான் புகழ்ந்து பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. கைதட்டலைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

செப்டம்பர் 11, வியாழன்

காதுக் கருவி வந்துவிட்டது. மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். செருப்பு ஒலிக்கிறது. செய்தித்தாள் ஒலிக்கிறது. வீட்டுக் குழாய் சொட்டுவதை நிறுத்தி மாதக்கணக்காகிறது என்று நினைத்திருந்தேன். சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

கதவைத் திறந்த வேணி, காதைப் பார்த்தாள். "காபி வேணுங்களா?" என்றாள். வழக்கமான குரலில். அதில் முணுமுணுப்பு எதுவும் இல்லை. நல்ல திருத்தமான பேச்சு.

ஸ்பீக்கரைப் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அணைத்துவிட்டேன். ஈயப் பாத்திரத்தை ஆணியால் கீறுவதுபோல் இருந்தது. இரண்டு மாதமாக இதைத்தான் மோகனம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாடிக்குப் போய் ஷர்மிளா டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லைங்க சார். ஜூலைலருந்து பிள்ளைங்க கணக்கை வேகமாப் போட்டுட்டு வீட்டுக்கு ஓடக் கத்துக்கிட்டாங்க" என்றார்.

குழுவிலிருந்து விலகினேன். போகும் முன் உண்மையை எழுதினேன்: எனக்கு மூன்றாயிரத்துக்கு மேல் கேட்காது, நீங்களும் ஒருமுறை காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று. நாற்பத்தொரு பேரில் ஒருவரும் கைதட்டவில்லை. மூன்று பேர் தனியாகச் செய்தி அனுப்பி, பரிசோதனை எங்கே செய்கிறார்கள் என்று விசாரித்தார்கள். அதில் ஒருவர் ஆரணிப் பட்டுக்காரர்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மறுப்புக்கான காரணங்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பதினான்கு வந்தன. ஒவ்வொன்றாகப் படித்தேன். பன்னிரண்டு, மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்பது. இத்தனை நாள் அது பெரிதாகக் கேட்டிருக்காது. இனிமேல் தெளிவாகவே கேட்கும்.

மீதி இரண்டு என்னுடையவை. ஒன்று, அந்தப் பையனை எனக்குத் தெரியாது. இன்னொன்று, இந்து என்னிடம் நேராகச் சொல்லவில்லை. அது பொய் என்று எழுதி முடித்ததும் தெரிந்தது. ஜூனில் டவர் சரியில்லை என்று நான் வைத்துவிட்ட போனில் அவள் என்ன சொல்லியிருப்பாள்?

இந்துவைக் கூப்பிட்டேன்.

"அம்மாடி, இன்னும் எனக்குச் சம்மதம்னு சொல்ல வரல. ஆனா அந்தப் பையனக் கூட்டிட்டு வா. பேச வேண்டியது அவரு. நான் கேக்கறேன்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். சின்ன வயதிலும் இவள் அழுகையை அடக்கும்போது இப்படித்தான் உறிஞ்சுவாள். நடுவில் எத்தனை வருடம் கேட்காமல் விட்டேனோ.

செப்டம்பர் 28, ஞாயிறு

டெரிக் வந்தார். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, சட்டைக் கையை முழுவதும் பொத்தான் போட்டிருந்தார். நான் எதையும் போட்டுக் காட்டவில்லை. எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். வேணியும் இந்துவும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றார்கள். வளையல் சத்தத்தில் தெரிந்தது.

அவருக்குப் பயம். பயத்தில் மெதுவாகப் பேசினார். வேலை, தங்கை படிப்பு, தூத்துக்குடி வீடு, இந்துவை முதலில் எங்கே பார்த்தார், எல்லாவற்றையும் சொன்னார். தலையாட்டிக்கொண்டு கேட்டேன். நடுநடுவே சில சொற்கள் விழவில்லை. ஒப்பேற்றிக்கொண்டேன்.

முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு ஒரு வாக்கியம் சொன்னார். முழுவதும் காற்றோடு போய்விட்டது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது.

என்ன கேட்டிருப்பார் என்று ஊகிக்க முடிந்தது. தலையை ஆட்டினால் போதும். ஆட்டவும் தொடங்கிவிட்டேன். அப்புறம் நிறுத்தினேன்.

"தம்பி, எனக்குச் சரியாக் கேக்கல" என்றேன். இந்த வாக்கியத்தை வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்கிறேன். நினைத்த அளவுக்குக் கனமாக இல்லை. "கொஞ்சம் சத்தமா, என்னப் பார்த்து, இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்துவ எனக்குக் கட்டிக் குடுப்பீங்களா, மாமா?"

ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. சரி என்றேன்.